திறந்த மூலச் சமூகத்திடம் ஒரு சிறு நிரல் நூலகத்தை முன்மொழிவது எப்படி?

யாரும் பயன்படுத்தவும் திருத்தவும் நிரலைத் திறந்து வைக்கும் திறந்த மூலச் சமூகம் ஒன்றிடம் புதிய பயன்பாட்டு நூலகத்தை (பிற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பை) முன்மொழிய விரும்புவோர், நிரலைக் காட்டுவதற்கு முன் பிரச்சினையைக் காட்ட வேண்டும். இலங்கையின் வன்னிப் பகுதியிலுள்ள பிரதேச செயலகங்களிலும் கூட்டுறவுச் சங்கங்களிலும் கமக்காரர் அமைப்புகளிலும் யூனிகோட் அல்லாத பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்யப்பட்ட பழைய பட்டியல்கள் கிடக்கின்றன. அவற்றை, ஒவ்வொரு எழுத்துக்கும் குறிக்கும் தனி எண் தரும் யூனிகோட்டுக்கு மாற்றும்போது, ‘பூநகரி’ என்ற பெயரில் ரகரம் இருக்க வேண்டிய இடத்தில் ஆகாரக் குறி வந்து, அதன் பின்னே இகரக் குறி ஒட்டிக்கொள்வதுண்டு. பல எழுத்துருக்களில் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்; கணினிக்கோ இரண்டும் வெவ்வேறு ஊர்கள். ஊர்ப் பெயரைக் கொண்டு தேடினால் பட்டியலில் உள்ள ஒருவர் அகப்படாமல் போகலாம். இப்பிழையைத் திருத்தும் நூலகத்தையே இங்கு உதாரணமாகக் கொள்வோம்.

முன்மொழிவை வாசிக்கும் பராமரிப்பாளருக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆகவே திரைப்பிடிப்பு மட்டும் போதாது. சரியான வடிவத்தையும் பிழையான வடிவத்தையும் அருகருகே வைத்து, ஒவ்வொரு குறியின் யூனிகோட் எண்ணையும் வரிசையாக எழுத வேண்டும்.

அடுத்து, ஏற்கெனவே உள்ளவற்றைத் தேடிப் பார்த்திருக்க வேண்டும். ஐசியூ (யூனிகோட் உரையைக் கையாளும் நூலகம்), ஓப்பன்-தமிழ் (தமிழ் உரைக்கான பைதான் நூலகம்), பைதான் நிரல்மொழியுடன் வரும் யூனிகோட் இயல்பாக்கம் (ஒரே எழுத்தின் வெவ்வேறு குறியீட்டு வடிவங்களை ஒன்றாக்குவது) ஆகியவற்றை நீங்கள் குறிப்பிடாவிட்டால் மதிப்பாய்வாளர் குறிப்பிடுவார். ‘இயல்பாக்கம் போதாதா?’ என்பதே பெரும்பாலும் முதற் கேள்வியாக இருக்கும். ‘கிளிநொச்சி’யின் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், எகரக் குறியும் ஆகாரக் குறியுமாகப் பிரித்தும் எழுதலாம்; முன்னதில் 10 குறியெண்கள், பின்னதில் 11. இவ்விரண்டையும் இயல்பாக்கம் ஒன்றாக்கிவிடும். பூநகரியின் பிழையை அது தொடாது. ‘தெரியும்’ என்ற சொல்லில் இதே பிழை இருந்தால் நிலைமை இன்னும் சிக்கலாகும்: எகரக் குறியையும் தவறாக வந்த ஆகாரக் குறியையும் இயல்பாக்கம் ஒகரக் குறியாகச் சேர்த்துவிடுவதால், நமது நிரல் இயல்பாக்கத்துக்கு முந்திய வடிவத்தையும் பிந்திய வடிவத்தையும் அடையாளங்காண வேண்டும். ஆகாரக் குறியோ ஒகரக் குறியோ ஏறிய மெய்யின்மேல் மேலும் இகரக் குறி தமிழில் ஏறுவதில்லை என்பதால் இத்திருத்தம் சரியான சொல் எதையும் கெடுக்காது என்பதையும் விளக்குங்கள். முன்மொழிவின் உயிர் இந்தப் பத்தியில்தான் இருக்கிறது. இதை எழுதி முடித்த பின், ஓப்பன்-தமிழில் ஒரு செயற்கூறாகச் சேர்த்தாலே போதும் என்று தோன்றினால், புதிய நூலகம் வேண்டாம்; அங்கேயே பங்களிப்பதுதான் முறை.

நிரல் முழுவதையும் எழுதி முடித்துவிட்டு அனுமதி கேட்பது வீண் உழைப்பாகலாம். சி++ நிரல்மொழிக்கான நூலகங்களை உருவாக்கி 1998 முதல் இயங்கும் பூஸ்ட் சமூகத்தில், முதலில் ஆர்வத்தை அறிந்து, பின்னர் மேலாளர் ஒருவரின் பொறுப்பில் முறையான மதிப்பாய்வு நடத்துகிறார்கள். சிறிய சமூகங்களிலும் அந்த ஒழுங்கைப் பின்பற்றுவது நல்லது. நிரலை எந்த நிபந்தனைகளில் பயன்படுத்தலாம் என்று கூறும் உரிமத்தையும் அந்தச் சமூகத்தின் உரிமத்தோடு முன்கூட்டியே பொருத்திக்கொள்ளுங்கள். உதாரணமாக, தன்னிலிருந்து உருவாகும் நிரலும் அதே உரிமத்தில் வெளிவர வேண்டும் என்று கோரும் ஜிபிஎல் உரிமம் கொண்ட நிரலை, திறந்த மூல மென்பொருள்களை உருவாக்கும் அப்பாச்சி அறக்கட்டளையின் திட்டங்கள் தம்முள் சேர்த்துக்கொள்வதில்லை.

சிறு நூலகங்களைக் கண்டு சமூகங்கள் தயங்குவதற்கு வலுவான காரணம் உண்டு. 2016 மார்ச்சில் லெஃப்ட்-பேட் என்ற 11 வரி நிரலை அதன் ஆசிரியர் ஜாவாஸ்கிரிப்ட் நூலகங்களுக்கான என்பிஎம் களஞ்சியத்திலிருந்து நீக்கியபோது, அதைச் சார்ந்திருந்த ஏராளமான திட்டங்களைக் கட்டமைக்க முடியாமற்போயிற்று. எனவே ‘யார் பராமரிப்பார்?’ என்ற கேள்விக்குப் பெயர்களோடு பதில் சொல்லுங்கள். கிளிநொச்சி அறிவியல் நகரிலோ வவுனியா பம்பைமடுவிலோ உள்ள பல்கலைக்கழக வளாகங்களில் படிக்கும் மாணவர்கள் பட்டம் பெற்றதும் வேலைக்காக வெளியேறக்கூடும். ஆகையால் இருவராவது பொறுப்பேற்பதும், அவர்களில் ஒருவர் தொடர்ந்து இதில் ஈடுபடக்கூடியவராக இருப்பதும் அவசியம்.

சோதனைத் தரவில் உண்மையான பயனாளிகளின் பெயரோ அடையாள அட்டை எண்ணோ காணி விவரமோ ஒருபோதும் இருக்கக் கூடாது. எங்கள் மக்கள் நம்பிக் கொடுத்த விவரங்கள் அவை. பொதுக் களஞ்சியத்தில் ஏறிய ஒன்றை முழுமையாகத் திரும்பப் பெறவும் முடியாது. பூநகரி, மன்னார் போன்ற ஊர்ப் பெயர்களே சோதனைக்குப் போதும்.

மதிப்பாய்வில் வரும் ஒவ்வொரு கருத்துக்கும் பதில் எழுதுங்கள். ஏற்காதவற்றுக்குக் காரணம் கூறுங்கள். முன்மொழிவு நிராகரிக்கப்பட்டால், அதே சோதனைகளோடும் ஆவணங்களோடும் நூலகத்தைப் பைதான் நூலகங்களுக்கான பொதுக் களஞ்சியமான பைபிஐயில் தனியே வெளியிட்டு, பயன்படுத்துவோர் அறிவிக்கும் பிழைகளைத் திருத்தி வாருங்கள். மறுமுறை முன்மொழியும்போது அந்தப் பதிவுகளை இணைக்கலாம்.