மின்சாரக் காரா, பெட்ரோல் காரா? கரண்ட் பில்லை எடுத்துக்கொண்டு உட்காருங்கள்

என் தம்பி கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து தினமும் புதுச்சேரிக்கு வேலைக்குப் போய் வருகிறான். போக வர ஏறக்குறைய 45 கிலோமீட்டர், மாதத்துக்கு ஆயிரம். அவன் கார் வாங்கப் போகிறான் என்றதும் இருவரும் உட்கார்ந்து போட்ட கணக்கு இது. உங்கள் எண்களை வைத்து நீங்களும் போடலாம். தமிழ்நாட்டில் கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வருவதால் எல்லாவற்றையும் இரண்டு மாதத்துக்கே கணக்கிடுங்கள்.

படி 1: பெட்ரோல்

ஷோரூமில் சொல்லும் மைலேஜை எடுக்காதீர்கள். நாங்கள் லிட்டருக்கு 16 கிலோமீட்டர் என்று வைத்தோம். 2000 கிலோமீட்டருக்கு 125 லிட்டர். தம்பி போகும் வழியில் புதுச்சேரி எல்லையில் இருக்கும் முள்ளோடையில்தான் பெட்ரோல் போடுவான். புதுச்சேரியில் வரி குறைவு. லிட்டர் 96 ரூபாய் என்று வைத்தால் 12,000 ரூபாய்.

படி 2: யூனிட்

சிறிய மின்சாரக் கார் ஒரு யூனிட்டில் சுமார் 7 கிலோமீட்டர் ஓடும். சார்ஜ் ஏறும்போதே கொஞ்சம் வீணாவதால் 6 என்று வையுங்கள். 2000-ஐ 6-ஆல் வகுத்தால் 333 யூனிட்.

படி 3: அந்த யூனிட்டுக்கு என்ன விலை?

பலரும் தவறுவது இங்கேதான். தம்பி வீட்டில் 400 யூனிட் ஓடுகிறது. மொத்த பில்லை 400-ஆல் வகுத்துவிட்டு, "யூனிட் மூணு ரூபாய்கூட இல்லையே, காருக்கு ஆயிரம்தான் ஆகும்" என்றான். அப்படி இல்லை. முதல் 100 யூனிட் இலவசமும் அடுத்து வரும் மலிவு யூனிட்டுகளும் வீட்டுக்கே தீர்ந்துவிட்டன. காரின் யூனிட்டுகள் அதற்கு மேல்தான் ஏறும். 401 முதல் 500 வரை ஆறு ரூபாய்க்கு மேல், 600 வரை எட்டு ரூபாய்க்கு மேல், 800 வரை ஒன்பது ரூபாய்க்கு மேல். 500-ஐத் தாண்டினால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளின் சலுகை விலையும் போய்விடும். இப்படி ஒவ்வொரு விலைப்படியாக (ஸ்லாப்) கூட்டினால் சுமார் 3,000 ரூபாய். அவன் நினைத்ததைப் போல மூன்று மடங்கு. ஆனாலும் பெட்ரோல் செலவில் கால்வாசிதான்.

வீட்டில் சார்ஜ் போட வசதி இல்லையா? வெளியே ஃபாஸ்ட் சார்ஜரில் ஜிஎஸ்டி சேர்த்து யூனிட் 20 ரூபாய் என்று வைத்தால் 6,660 ரூபாய் ஆகிவிடும். வாடகை வீட்டில் இருப்பவர்கள் இதை முதலிலேயே யோசியுங்கள்.

படி 4: வரி

மின்சாரக் காருக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். சிறிய பெட்ரோல் காருக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 18, பெரிய காருக்கு 40. இது ஷோரூம் விலையிலேயே அடங்கிவிடும், மறுபடி கூட்டாதீர்கள். தனியாகக் கூட்ட வேண்டியது ஆயுள்கால வரி, அதாவது வண்டியைப் பதிவு செய்யும்போது ஒரே தடவையாகக் கட்டும் சாலை வரி. தமிழ்நாட்டில் 5 முதல் 10 லட்சம் வரையிலான பெட்ரோல் காருக்கு 13 சதவீதம், 10 முதல் 20 லட்சத்துக்கு 18. மின்சாரக் காருக்கு முழு விலக்கு தரப்பட்டு வருகிறது. அதற்குக் கெடு உண்டு என்பதால் புக் செய்யும் முன் ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

மின்வாகனக் கடன் வட்டிக்கு இருந்த வருமான வரிச் சலுகை 2023 மார்ச் 31 வரை அனுமதியான கடன்களுக்கு மட்டும்தான். அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

படி 5: எத்தனை மாதம்?

இன்சூரன்ஸ் உட்பட இரண்டு கார்களின் ஆன்ரோடு விலையையும் வாங்கி, வித்தியாசத்தை மாத மிச்சத்தால் வகுங்கள். தம்பிக்கு மாதம் 4,500 ரூபாய் மிச்சம். வித்தியாசம் 2 லட்சம் என்றால் 45 மாதத்தில் போட்ட பணம் வந்துவிடும். அவன் மின்சாரக் கார்தான் வாங்க வேண்டும். அப்பா மாதம் 400 கிலோமீட்டர் ஓட்டினாலே பெரிது. அதே வித்தியாசம் கழிய ஒன்பது வருடம் ஆகும். அவரிடம் பழைய பெட்ரோல் வண்டியையே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன்.