நவம்பர் 9-இல் நடந்தவை: ‘வரலாற்றில் இன்று’ பகுதியைப் பிழையின்றித் தொகுப்பது எப்படி?

நாளேடுகளிலும் பள்ளி அறிவிப்புப் பலகைகளிலும் காலை வழிபாட்டுக் கூட்டங்களிலும் ‘வரலாற்றில் இன்று’ என்ற பகுதி நெடுங்காலமாக இடம்பெற்று வருகிறது. பெரும்பாலும் அது பழைய பட்டியல் ஒன்றைப் பார்த்து எழுதப்படுவதால், அதிலிருந்த பிழைகளும் ஆண்டுதோறும் கூடவே வந்துவிடுகின்றன. ஒரு தேதி எப்படிக் கணக்கிடப்பட்டது, அதே தேதியில் நடந்த இரண்டு நிகழ்வுகளுக்கிடையே தொடர்பு உண்டா என்பவற்றை விசாரிக்காத பட்டியலைப் படிக்கும் மாணவர்களுக்கு ஆண்டுகளும் பெயர்களும் மட்டுமே எஞ்சும். இந்தப் பகுதியைப் பொறுப்புடன் தயாரிக்க விரும்பும் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் உதவும் வகையில், நவம்பர் 9 என்ற ஒரே தேதியை எடுத்துக்கொண்டு அதற்கான முறையை விளக்குகிறேன். ஜெர்மனி நாட்டு வரலாற்றில் இத்தேதி திரும்பத் திரும்ப வருவதால், அந்நாட்டவர் இதனைத் தங்கள் ‘விதியின் நாள்’ என்றே குறிப்பிடுவதுண்டு.

முதல் வேலை, தேதிக்குரிய நிகழ்வுகளைத் தாராளமாகத் திரட்டுவது. ஒரு நிகழ்வுக்கு ஓர் அட்டை என வைத்துக்கொண்டு, அதில் ஆண்டு, இடம், தெரிந்தால் உள்ளூர் நேரம், தேதி எந்த நாட்காட்டியைச் சேர்ந்தது, செய்தி கிடைத்த நூல் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். திரட்டி முடித்தபின் பெரும்பகுதியைக் கழித்துவிடுவதே நல்லது. உலகம் முழுவதிலிருந்தும் பொறுக்கியெடுத்த பத்து வரிகளைவிட, ஒரு நாட்டையோ ஒரு துறையையோ சார்ந்த நான்கு வரிகள் படிப்பவர் மனத்தில் நன்றாகப் பதியும். நவம்பர் 9-க்கு நான் எடுத்துக்கொள்பவை ஐந்து: 1848-இல் விடுதலை உணர்வாளர் ராபர்ட் ப்ளூம் வியன்னாவில் சுட்டுக்கொல்லப்பட்டது, 1918-இல் ஜெர்மானியக் குடியரசு அறிவிக்கப்பட்டது, 1923-இல் ம்யூனிக் நகரில் ஹிட்லரின் ஆட்சிக்கவிழ்ப்பு முயற்சி முறியடிக்கப்பட்டது, 1938-இல் யூதர்கள் மீது நாடெங்கும் வன்முறை ஏவப்பட்டது, 1989-இல் பெர்லின் சுவர் திறக்கப்பட்டது.

அடுத்ததாக, ஒவ்வோர் அட்டையையும் கையில் எடுத்து, அந்தத் தேதியில் நடந்தது சரியாக என்ன என்று கேட்க வேண்டும். பட்டியல்களில் புகும் பிழைகளில் பாதி இந்தக் கேள்வியிலேயே வெளிப்பட்டுவிடும். ‘1918 நவம்பர் 9: ஜெர்மானியப் பேரரசர் முடிதுறந்தார்’ என்ற வரியைப் பார்ப்போம். அன்று நண்பகல் வாக்கில் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் முடிதுறந்துவிட்டதாக அறிவித்தவர் தலைமை அமைச்சர் மாக்ஸ் ஃபொன் பாடன். பெல்ஜியத்தின் ஸ்பா நகரிலிருந்த பேரரசரின் ஒப்புதல் அதற்குக் கிடைத்திருக்கவில்லை. முடிதுறப்பு ஆவணத்தில் அவர் கையெழுத்திட்டது நவம்பர் 28-ஆம் தேதிதான். அதே பிற்பகல் இரண்டு மணி அளவில் சமூக ஜனநாயகக் கட்சித் தலைவர் பிலிப் ஷைடமன் நாடாளுமன்றக் கட்டடத்திலிருந்து குடியரசை அறிவித்தார். ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கழித்துத் தீவிர இடதுசாரித் தலைவர் கார்ல் லீப்க்னெக்ட் அரண்மனைப் பகுதியில் சோசலிசக் குடியரசை அறிவித்தார். ஆகவே ‘முடிதுறந்தார்’ என்று எழுதாமல், ‘முடிதுறந்ததாக அறிவிக்கப்பட்டது, குடியரசு இருமுறை அறிவிக்கப்பட்டது’ என்று எழுதுவதே பொருத்தம். அமெரிக்க விடுதலைப் பிரகடனத்திலும் இதே கவனம் தேவை: பிரிந்துபோகும் தீர்மானம் 1776 ஜூலை 2-இல் நிறைவேறியது, பிரகடனத்தின் வாசகம் ஜூலை 4-இல் ஏற்கப்பட்டது, பெரும்பாலோர் கையெழுத்திட்டது ஆகஸ்ட் 2-இல். ஜூலை 4-க்கு ‘கையெழுத்தானது’ என்று எழுதினால் அது பிழை.

மூன்றாவது, நாட்காட்டி. இன்று உலகம் பயன்படுத்தும் கிரெகொரியன் நாட்காட்டி 1582-இல் நடைமுறைக்கு வந்தது. அதை முதலில் ஏற்ற நாடுகளில் அவ்வாண்டு அக்டோபர் 4-க்கு மறுநாள் அக்டோபர் 15. பிரிட்டன் 1752 வரையிலும் ரஷ்யா 1918 வரையிலும் பழைய ஜூலியன் நாட்காட்டியையே பின்பற்றின. இதனால் விளையும் பிழைகளில் பெயர்பெற்றது ஏப்ரல் 23. ஷேக்ஸ்பியரும் ஸ்பானிய எழுத்தாளர் செர்வாந்தேசும் 1616-இல் ஒரே நாளில் மறைந்தார்கள் என்று பலரும் எழுதுகிறார்கள். இங்கிலாந்து பழைய நாட்காட்டியிலும் ஸ்பெயின் புதிய நாட்காட்டியிலும் இருந்ததால் இருவர் மறைவுக்கும் இடையே பத்து நாள்களுக்குக் குறையாத இடைவெளி உண்டு. செர்வாந்தேஸ் அடக்கம் செய்யப்பட்ட நாள்தான் 23 என்பதும் அவர் உயிர்நீத்தது அதற்கு முந்தைய நாள் என்பதும் கூடுதல் செய்தி. ரஷ்யாவின் ‘அக்டோபர் புரட்சி’ நமது கணக்கில் 1917 நவம்பர் 7 என்பது பலருக்கும் தெரிந்ததே. ஆகவே 1582-க்குப் பிந்தைய ஐரோப்பிய நிகழ்வு எதுவாயினும், அந்த நாடு எந்த ஆண்டில் புதிய நாட்காட்டிக்கு மாறியது என்று பார்த்துவிட்டே அட்டையில் தேதியை எழுத வேண்டும்.

நம் ஊர் நிகழ்வுகளிலும் இந்தச் சிக்கல் வேறு வடிவில் உண்டு. தஞ்சையில் இராசராச சோழனுக்கு எடுக்கப்படும் சதய விழா ஐப்பசி மாதத்துச் சதய நட்சத்திரத்தைக் கொண்டு நாள் குறிக்கப்படுவதால், ஆங்கிலத் தேதி ஆண்டுதோறும் மாறுகிறது. நட்சத்திரத்தாலோ திதியாலோ குறிக்கப்படும் நாள்களை நிலையான தேதிப் பட்டியலில் சேர்க்காமல், அந்தந்த ஆண்டுப் பஞ்சாங்கத்தைப் பார்த்துத் தனியாக எழுதுவதே முறை.

நான்காவது, யாருடைய கடிகாரம் என்பது. பெர்லினில் போர்ன்ஹோல்மர் தெருச் சோதனைச் சாவடி மக்கள் நெருக்கத்தைத் தாங்க முடியாமல் திறக்கப்பட்டது 1989 நவம்பர் 9 இரவு பதினொன்றரை மணி அளவில். அந்த நேரத்தில் சென்னையில் நவம்பர் 10 விடியற்காலை நான்கு மணி. நிலவில் மனிதன் கால்வைத்த நிகழ்வு அமெரிக்காவில் 1969 ஜூலை 20 இரவு என்றால், இந்தியாவில் அது ஜூலை 21 காலை. இவற்றைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு 1941-இன் ஜப்பானியத் தாக்குதல். ஹவாயிலுள்ள அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்டது டிசம்பர் 7 என்றும் மலாயாவின் கோத்தா பாருவில் ஜப்பானியர் கரையிறங்கியது டிசம்பர் 8 என்றும் நூல்கள் குறிப்பதால், மலாயா ஒரு நாள் பிந்தித் தாக்கப்பட்டதாகத் தோன்றும். உண்மையில் கோத்தா பாரு கரையிறக்கமே ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக முந்தியது; இரண்டு இடங்களுக்கும் இடையே பன்னாட்டுத் தேதிக்கோடு குறுக்கிடுவதே குழப்பத்துக்குக் காரணம். நிகழ்வு நடந்த இடத்துத் தேதியையே எப்போதும் பின்பற்றுவது என்ற விதியை வைத்துக்கொண்டு, இத்தகைய இடங்களில் மட்டும் ஒரு குறிப்பைச் சேர்த்தால் போதும்.

இனி எஞ்சியிருப்பது, ஒரே தேதியில் விழுந்தவற்றுக்கிடையே உறவு உண்டா என்று பார்ப்பது. இதுவே இந்த வேலையின் உயிர்நாடி என்பது என் கருத்து. பெரும்பாலானவை தற்செயலே. பத்தாயிரம் நிகழ்வுகளை ஆண்டின் 366 நாள்களுக்குப் பகிர்ந்தால், ஒரு தேதிக்குச் சராசரியாக இருபத்தேழு விழும். அவற்றில் இரண்டு ஒத்துப்போவதில் வியப்பில்லை. குஜராத் நிலநடுக்கம் 2001 ஜனவரி 26, ஈரானின் பாம் நகர நிலநடுக்கம் 2003 டிசம்பர் 26, ஆழிப்பேரலை 2004 டிசம்பர் 26, மும்பைத் தாக்குதல் 2008 நவம்பர் 26 என்று அடுக்கி, 26 கெட்ட எண் என்று சொல்லும் செய்திகளைப் பார்த்திருப்போம். பத்து ஆண்டுகளில் 26-ஆம் தேதி நூற்றிருபது முறை வருகிறது என்பதையும், மற்றத் தேதிகளில் நடந்த பேரிடர்கள் அந்தப் பட்டியலில் விடப்பட்டுள்ளன என்பதையும் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். உயிரிழந்தவர்களின் நினைவை எண் சோதிடத்துக்குப் பயன்படுத்துவது எனக்கு ஏற்புடையதன்று.

ஆனால் மனிதர்கள் வேண்டுமென்றே தேர்ந்தெடுத்த தேதிகளும் உண்டு. 1930 ஜனவரி 26 முழு விடுதலை நாளாகக் கொண்டாடப்பட்டதன் நினைவாகவே, 1949 நவம்பர் 26-இல் ஏற்கப்பட்ட இந்திய அரசமைப்பு முழுமையாக நடைமுறைக்கு வரும் நாளாக 1950 ஜனவரி 26 குறிக்கப்பட்டது. ஜப்பான் சரணடைந்ததன் இரண்டாம் ஆண்டு நிறைவு என்பதால் மவுண்ட்பேட்டன் 1947 ஆகஸ்ட் 15-ஐத் தேர்ந்தார். இவற்றை எழுதும்போது இரண்டு ஆண்டுகளையும் ஒரே வரியில் காரணத்தோடு இணைக்க வேண்டும்.

நவம்பர் 9-இல் இவ்விரண்டு வகையும் கலந்திருப்பதோடு, மூன்றாவது வகை ஒன்றும் இருக்கிறது: ஒரு நிகழ்வின் ஆண்டு விழாவே அடுத்த நிகழ்வுக்குக் களமாவது. 1923 நவம்பர் 8 மாலை ம்யூனிக்கின் பியூர்கர்பிராய் மதுக்கூடத்தில் பவேரிய ஆட்சியாளர் குஸ்டாவ் ஃபொன் கார் பேசிய கூட்டத்துக்குள் ஹிட்லர் ஆயுதங்களோடு புகுந்தார். மறுநாள் நடத்திய ஊர்வலம் ஃபெல்ட்ஹெர்ன்ஹாலெ மண்டபத்தருகே காவலர்களால் தடுக்கப்பட்டபோது நடந்த துப்பாக்கிச் சூட்டில் நான்கு காவலர்கள் உட்பட இருபது பேர் அளவில் இறந்தனர். 1933-இல் ஆட்சியைப் பிடித்த நாஜிகள், தங்கள் தரப்பில் மாண்டவர்களைத் தியாகிகளாக்கி, அவ்விரு நாள்களையும் விழாவாகக் கொண்டாடினர். 1938-இல் அந்த விழா விருந்துக்காகக் கட்சித் தலைவர்கள் அனைவரும் ம்யூனிக்கின் பழைய நகர மன்றத்தில் கூடியிருந்த வேளையில்தான், இரண்டு நாள் முன்பு பாரிசில் யூத இளைஞர் ஒருவரால் சுடப்பட்ட ஜெர்மானியத் தூதரக அதிகாரி எர்ன்ஸ்ட் ஃபொம் ராத் இறந்த செய்தி வந்தது. அங்கேயே நாஜிப் பரப்புரை அமைச்சர் கோயபல்ஸ் ஆற்றிய வெறுப்புரையைக் கேட்ட தலைவர்கள் தத்தம் ஊர்களுக்குத் தொலைபேசியில் ஆணையிட்டனர். நாடெங்கிலுமிருந்த தலைவர்கள் ஒரே கூடத்தில் இருந்ததற்குக் காரணம் அந்தத் தேதி; அந்த இரவில் வன்முறை அத்தனை விரைவாகப் பரவியதில் அதற்குப் பங்குண்டு. மறுஆண்டு அதே விழாவில் ஹிட்லர் பேச வருவார் என்பது உறுதியாகத் தெரிந்திருந்ததால், தச்சர் கியோர்க் எல்சர் பல இரவுகள் மறைந்திருந்து மதுக்கூடத் தூணைக் குடைந்து குண்டு வைத்தார். 1939 நவம்பர் 8 இரவு அது வெடித்தது; ஹிட்லர் பதின்மூன்று நிமிடங்களுக்கு முன் கிளம்பியிருந்தார். எட்டுப் பேர் இறந்தனர். தேதி ஒரு நாள் முந்தியதாயினும் இந்த அட்டையை நான் விடமாட்டேன்.

1848, 1918 ஆகிய நிகழ்வுகளின் தேதிகளுக்கு மற்றவற்றோடு அத்தகைய உறவு இல்லை. 1989 முழுத் தற்செயல்: மக்கள் மேற்கே செல்ல வழிவிடும் புதிய பயண விதிமுறையை நவம்பர் 10 விடியற்காலை வெளியிடவே கிழக்கு ஜெர்மனி அரசு எண்ணியிருந்தது, அதை அறியாத ஆளுங்கட்சித் தலைவர்களுள் ஒருவரான குந்தர் ஷபோவ்ஸ்கி முந்தைய மாலையே செய்தியாளர் கூட்டத்தில் அறிவித்து, எப்போது முதல் என்ற கேள்விக்கு உடனடியாக என்று விடையளித்துவிட்டார்.

எழுதும் நிலையில் சொற்களையும் எண்களையும் எடைபோட வேண்டும். 1938 நிகழ்வைக் ‘கண்ணாடி இரவு’ என்று சுட்டுவது உடைந்த கடைக் கண்ணாடிகளை முன்னிறுத்தி, உயிரிழந்த மனிதர்களைப் பின்னுக்குத் தள்ளுகிறது என்று ஜெர்மனியிலேயே எதிர்ப்பு உண்டு. ‘நவம்பர் வன்முறை’ என்பது நேர்மையான பெயர். நாஜி அரசு ஒப்புக்கொண்ட இறப்பு எண்ணிக்கை 91; உண்மை எண்ணிக்கை அதனினும் பன்மடங்கு. இப்படி அரசுக் கணக்கும் ஆய்வாளர் கணக்கும் மாறுபடும்போது, எது யாருடைய கணக்கு என்பதைச் சொல்லிவிட வேண்டும். துயர நிகழ்வையும் மகிழ்ச்சியான நிகழ்வையும் அடுத்தடுத்து வைக்கும்போது, இடையே ஒரு வாக்கியம் இட்டுப் பிரிப்பது படிப்பவருக்குச் செய்யும் மரியாதை.

இவ்வளவும் பார்த்து, 1848-ஐயும் கழித்தபின் அறிவிப்புப் பலகையில் எழுதத்தக்க பகுதி இவ்வாறு அமையும்:

‘நவம்பர் 9. 1918: பேரரசர் முடிதுறந்ததாக அறிவிக்கப்பட்டு, ஜெர்மனி குடியரசானது. 1923: அக்குடியரசைக் கவிழ்க்க ஹிட்லர் முந்தைய நாள் தொடங்கிய முயற்சி ம்யூனிக்கில் முறியடிக்கப்பட்டது. 1938: அம்முயற்சியின் ஆண்டு விழாவில் கூடிய நாஜித் தலைவர்கள் யூதர்கள் மீது நாடு தழுவிய வன்முறையை ஏவினர், ஏறத்தாழ 30,000 யூத ஆண்கள் வதைமுகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். மேற்சொன்னவற்றோடு தொடர்பின்றி, 1989-இல் இதே தேதி இரவில் பெர்லின் சுவர் திறந்தது. இந்தியாவில் அப்போது நவம்பர் 10 விடியற்காலை. 1938-இன் நினைவு இந்நாளின் மீது கவிந்திருப்பதால், இதைத் தேசிய நாளாக்காமல், ஜெர்மனி ஒன்றிணைந்த அக்டோபர் 3-ஐ அந்நாடு கொண்டாடுகிறது.’