‘ஐயாம் ஸ்டில் ஹியர்’ படத்தைத் திரையிட்டு உரையாடுவது எப்படி?

வால்டர் சால்ஸ் இயக்கி 2024-இல் வெளிவந்த இந்தப் பிரேசில் படத்தைத் திரைப்படச் சங்கத்திலோ கல்லூரியிலோ திரையிட விரும்புகிறவர்கள், அது பெற்ற ஆஸ்கர் விருதைப் பற்றி முதலிலேயே பேசும் ஆசையை அடக்கிக்கொள்வது நல்லது. படமே இரண்டே கால் மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓடுவதால், அறிமுகவுரைக்கு ஐந்து நிமிடம் போதும்.

அந்த ஐந்து நிமிடத்தில் அரசியல் பின்னணியை மட்டும் சொல்லுங்கள். 1964-இல் ராணுவம் பிரேசிலின் ஆட்சியைக் கைப்பற்றியது. நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த ரூபன்ஸ் பைவாவின் (இவருடைய குடும்பத்தின் உண்மைக் கதைதான் இந்தப் படம்) பதவி அவ்வாண்டே பறிக்கப்பட்டது. 1968 டிசம்பரில் ராணுவ அரசு பிறப்பித்த ஐந்தாம் ஆணை, நாடாளுமன்றத்தை மூட வழி செய்ததோடு அரசியல் வழக்குகளில் ஆட்கொணர்வு மனுவுக்கான உரிமையையும் நிறுத்திவைத்தது. இதை அழுத்திச் சொல்லியாக வேண்டும். ஏனெனில் கணவரைக் காணாத மனைவி நீதிமன்றத்தின் கதவைத் தட்டலாமே என்றுதான் நம் பார்வையாளர்கள் இயல்பாக நினைப்பார்கள். 1971 ஜனவரி 20 அன்று ரியோ டி ஜெனிரோவின் லெப்லோன் பகுதியில் இருந்த வீட்டிலிருந்து பைவா அழைத்துச் செல்லப்பட்டார் என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பிறகு அவர் என்ன ஆனார் என்று அவருடைய மனைவி யூனிஸுக்குத் தெரியாததைப் போலவே பார்ப்பவர்களுக்கும் தெரியாமல் இருக்கட்டும்.

கடற்கரை, விருந்தினர், பாட்டு, பிள்ளைகளின் சிரிப்பு என்று நகரும் முதல் அரை மணி நேரத்தில் சிலர் பொறுமை இழக்கக்கூடும். அதற்காக நேரத்தை மிச்சப்படுத்துவதாக எண்ணி அப்பகுதியை வெட்டிவிடாதீர்கள். எப்போதும் திறந்தே கிடந்த அந்த வீட்டின் திரைச்சீலைகளை, சாதாரண உடையில் வந்தவர்கள் பட்டப்பகலில் இழுத்து மூடும்போதுதான் அதன் பயன் புரியும். சித்திரவதைக் காட்சிகளை எதிர்பார்த்து வருகிறவர்களுக்கு ஏமாற்றமே மிஞ்சும். யூனிஸும் பதினைந்து வயது மகளும் பிடித்துச் செல்லப்படுகிறார்கள், மகள் மறுநாளே விடப்பட, தாய் பன்னிரண்டு நாள் அடைபட்டுக் கிடக்கிறார். அங்கே கொடுமை பெரும்பாலும் காதில்தான் விழுகிறது.

உரையாடலை நடத்துபவர் குறித்துவைத்துக்கொள்ள வேண்டிய காட்சி, என் கருத்தில், வங்கிக் காட்சிதான். கணவரின் கையெழுத்து இல்லாமல் பணம் எடுக்க முடியாது என்கிறார்கள். அவர் இறந்தார் என்று காட்டவும் ஒரு தாள் இல்லை, ஏனெனில் அரசோ அவர் தப்பி ஓடிவிட்டதாகச் சொல்கிறது. சர்வாதிகாரம் ஒரு குடும்பத்தின் மளிகைச் செலவு வரை எப்படிக் கை வைக்கிறது என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. இக்காட்சியை 1996-ஆம் ஆண்டுப் பகுதியோடு சேர்த்துப் பேசுங்கள். இடையில் வழக்கறிஞராகிவிட்ட யூனிஸ், கால் நூற்றாண்டு கழித்துக் கிடைத்த மரணச் சான்றிதழைப் புன்னகையோடு உயர்த்திக் காட்டுகிறார். இறப்புச் சான்றிதழைக் கையில் வாங்கிய ஒருவர் ஏன் சிரிக்கிறார் என்ற கேள்வியோடு தொடங்கினால் கூட்டம் தானே பேசத் தொடங்கும். இலங்கையில் காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களை யாரேனும் நினைவுபடுத்தினால் இடம் கொடுங்கள்; நீங்களாக வலிந்து இழுத்து வர வேண்டியதில்லை.

நடிப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முதுமைக் கால யூனிஸாக வரும் பெர்னாண்டா மோன்டெனேக்ரோ, இளமைக் கால யூனிஸாக நடித்த பெர்னாண்டா டோரஸின் சொந்தத் தாய் என்பதைப் படம் முடிந்த பின் சொன்னால் போதும்.

குற்றவாளிகள் தண்டிக்கப்பட்டார்களா என்று எவராவது கேட்காமல் இருக்கமாட்டார், எனவே விடையைக் கையில் வைத்திருங்கள். 2014-இல் ஐந்து முன்னாள் ராணுவத்தினர் மீது குற்றம் சாட்டப்பட்டபோதும் எவருக்கும் தண்டனை கிடைக்கவில்லை; ஆட்சியை எதிர்த்தவர்களோடு ஆட்சியின் கையாட்களையும் காத்த 1979-ஆம் ஆண்டின் பொதுமன்னிப்புச் சட்டமே குறுக்கே நின்றது.