பாரசீகம் பற்றிய பிரிட்டிஷ் கோப்புகளைப் படிப்பது எப்படி?

பாரசீகத்தில், அதாவது இன்றைய ஈரானில், பிரிட்டன் என்ன செய்தது என்று தெரிய வேண்டுமானால் நேராக மூல ஆவணங்களுக்கே போங்கள். பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ள இந்தியா ஆபீஸ் (இந்திய ஆட்சியைக் கவனித்த லண்டன் துறை) கோப்புகளில் வளைகுடா தொடர்பான பலவற்றை கத்தார் டிஜிட்டல் நூலகத் தளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். தேடும்போது பழைய ஊர்ப் பெயர்களையும் போடுங்கள். இன்றைய கோரம்ஷஹர் அன்று முகம்மரா.

ஒரு கடிதத்தைத் திறந்ததும் முதலில் யார் யாருக்கு எழுதியது என்று பாருங்கள், ஏனென்றால் பாதி விஷயம் அதில்தான் இருக்கிறது. தெஹ்ரான் தூதர் லண்டன் வெளியுறவுத் துறைக்கு எழுதுவார், வடக்கே ரஷ்யா என்ன செய்யும் என்பதுதான் அவருக்குப் பெரிய கவலை. வளைகுடாத் துறைமுகமான புஷேரில் இருந்த ரெசிடென்ட் (பிரிட்டிஷ் அரசியல் பிரதிநிதி) 1873 வரை பம்பாய் அரசுக்குக் கீழே, அப்புறம் நேரடியாக இந்திய அரசுக்குக் கீழே. அவர் கண் முழுக்க வளைகுடாவிலும் இந்தியாவுக்கான கடல்வழியிலும் இருக்கும். ஒரே சம்பவத்தை இருவரும் எழுதியிருந்தால் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

தேதியையும் கவனியுங்கள். 1864இல் வளைகுடாவில் தந்திக் கம்பி போடும் வரை உத்தரவு வந்து சேர வாரக்கணக்கில் ஆகும், அதனால் அங்கிருந்த அதிகாரி பல முடிவுகளைத் தானே எடுத்தார்.

ஒப்பந்தம் என்றால் வரைபடம் இல்லாமல் படிக்கவே கூடாது. 1907இல் பிரிட்டனும் ரஷ்யாவும் ஈரானைக் கேட்காமலே அதைச் செல்வாக்கு மண்டலங்களாகப் பிரித்தன: வடக்கு ரஷ்யாவுக்கு, தென்கிழக்கு பிரிட்டனுக்கு, நடுவில் இருந்தது பொது. மறு வருஷமே மஸ்ஜித் சுலைமானில் எண்ணெய் கிடைத்தது. அந்த ஊர் எந்த மண்டலத்தில் விழுகிறது என்று நீங்களே குறித்துப் பாருங்கள், நடுப்பகுதியில்! 1915இல் ரஷ்யாவோடு ரகசியமாகப் பேசி அந்த நடுப்பகுதியையும் பிரிட்டன் ஏன் கேட்டது என்பது அப்போது விளங்கும்.

முதல் ஷரத்தை மட்டும் நம்பி நின்றுவிடாதீர்கள். பிரிட்டனும் ஈரானும் செய்த 1919 ஒப்பந்தத்தின் முதல் ஷரத்து ஈரானின் சுதந்திரத்தை மதிப்பதாகச் சொல்கிறது. அடுத்தடுத்த ஷரத்துகளில் பிரிட்டிஷ் ஆலோசகர்கள், ராணுவ அதிகாரிகள், கடன் எல்லாம் வரிசையாக வருகின்றன. பிரதமர் வொசூக் உத்தௌலாவுக்கும் இரண்டு அமைச்சர்களுக்கும் ரகசியமாகக் கொடுத்த 1,31,000 பவுண்டு அதில் எங்கும் இல்லை. எனக்கு இன்றும் கோபம் வரும் இடம் இது. ஈரான் நாடாளுமன்றமான மஜ்லிஸ் அந்த ஒப்பந்தத்துக்குக் கடைசிவரை ஒப்புதல் தரவில்லை, 1921இல் ஈரான் அதைக் கைவிட்டது.

கடிதத்தோடு சேர்த்து அனுப்பிய இணைப்புகளைத் தாண்டிப் போகாதீர்கள். வணிகர்களும் ஊர்ப் பெரியவர்களும் கொடுத்த மனுக்கள் பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும்.