டோக்கியோவில் டாக்சி பிடிக்கத் தமிழ் இலக்கணம்

மகளின் பிரசவத்துக்காக நானும் என் கணவரும் டோக்கியோ போனபோது, ஜப்பானிய மொழி கற்பிக்கும் ஆங்கிலப் புத்தகம் ஒன்றைக் கொண்டுபோயிருந்தேன். அதனோடு ஒரு வாரம் மல்லுக்கட்டினேன். ஒவ்வொரு ஜப்பானிய வாக்கியத்தையும் தலைகீழாக்கி ஆங்கிலத்தில் விளக்கியிருந்தார்கள். அதை நான் மறுபடி தலைகீழாக்கித் தமிழில் புரிந்துகொள்ள வேண்டியிருந்தது. பிறகு ஒருநாள் டாக்சியில் ஏறியதும் மருமகன் ஓட்டுநரிடம் “நிஷி-கசை எ-கி மதெ ஒனெகைஷிமஸ்” என்றார். ஒவ்வொரு சொல்லாகப் பொருள் கேட்டேன். எ-கி என்றால் நிலையம். மதெ என்றால் வரை. ஒனெகைஷிமஸ் என்றால் வேண்டிக்கொள்கிறேன். “நிஷிகசை நிலையம் வரை வேண்டிக்கொள்கிறேன்.” ஒரு சொல்லும் இடம் மாறவில்லை!

முப்பத்தொரு ஆண்டுகள் பள்ளியில் தமிழ் இலக்கணம் நடத்தியவள் நான். அன்று இரவே ஆங்கிலப் புத்தகத்தை மூடிவைத்தேன். டாக்சிக்கு வேண்டிய ஜப்பானியத்தைத் தமிழிலிருந்தே நேராகக் கற்றுக்கொள்ளலாம். பிள்ளைகளைப் பார்க்க ஜப்பான் போகும் பெற்றோருக்கு அதைச் சொல்லிக்கொடுக்கவே இதை எழுதுகிறேன்.

முதலில் உச்சரிப்பு. தமிழில் சொல்லின் நடுவே ஒற்றையாக வரும் வல்லினம் மென்மையாக ஒலிக்கும்: அகம், நதி. இரட்டித்தால் வன்மையாகும்: அக்கம், பத்து. ஜப்பானிய மொழியில் இரட்டிக்காமலேயே வன்மையாக வருவதும் உண்டு. அந்த இடங்களில் சிறு கோடு போட்டிருக்கிறேன். கோட்டுக்குப் பின்னால் வரும் எழுத்தைச் சொல்லின் முதலெழுத்தைப் போலச் சொல்லுங்கள், ஆனால் கோட்டில் நின்றுவிடாதீர்கள். எ-கியில் வருவது கிளியின் கி. கோடு இல்லாத இடத்தில் தமிழ் வழக்கப்படியே படிக்கலாம். மதெயில் வரும் தெ, நதியின் தகரம்போல் மென்மையானது. ச்சி மட்டும் விலக்கு, அதை அழுத்தாமல் ஒருமுறை சொன்னால் போதும்.

குறிலும் நெடிலும் நமக்குப் பிறவிச் சொத்து. ஜப்பானியருக்கும் அப்படித்தான். கதொ என்றால் தெருமுனை, காதொ என்றால் பணம் கட்டும் கார்டு. இரண்டையும் டாக்சியில் சொல்ல வேண்டிவரும். ஆங்கிலம் வழியாகக் கற்பவர்கள் இங்கே தடுமாறுவார்கள். ‘கல்’லையும் ‘கால்’ஐயும் பிரித்துப் பேசிப் பழகிய நமக்கு இது மிக எளிது.

இனி டாக்சி. முன்கண்ணாடிக்குப் பின்னால் சிறிய விளக்குப் பலகை இருக்கும். பெரும்பாலும் சிவப்பு எழுத்து எரிந்தால் வண்டி காலி, பச்சை எரிந்தால் ஆள் இருக்கிறது. நம் மனக்கணக்குக்கு நேர் எதிர் என்பதால் முதலிரண்டு நாள் நான் காலி வண்டிகளை விட்டுவிட்டு நின்றேன். கை காட்டினால் நிறுத்துவார்கள். அங்கேயும் வண்டிகள் இடப்பக்கம்தான் ஓடுகின்றன, அதனால் இடப்பக்கப் பின்கதவு வழியாக ஏற வேண்டும். அந்தக் கதவைத் தொடாதீர்கள். ஓட்டுநரே தம் இருக்கையிலிருந்து திறப்பார், அவரே மூடுவார். பெட்டி இருந்தால் “தொரங்-கு ஒனெகைஷிமஸ்” என்றால் பின்பக்கத்தைத் திறந்துவிடுவார்.

உட்கார்ந்ததும் அவர் “தொச்சிர மதெதெஸ்-க?” என்று கேட்பார். “எது வரை?” என்பதுதான் அது. கடைசியில் வரும் க, நம் வினா ஆகாரத்தின் வேலையைச் செய்கிறது. பதிலுக்கு இடத்தின் பெயரையும் மதெயையும் ஒனெகைஷிமஸையும் சேர்த்துவிட்டால் போதும். பெயர் வாயில் நுழையாவிட்டால் முகவரியைக் காட்டி “கொனொ ஜூஷொ மதெ ஒனெகைஷிமஸ்” என்று சொல்லுங்கள்: இந்த முகவரி வரை வேண்டிக்கொள்கிறேன். முகவரி ஜப்பானிய எழுத்தில் இருப்பது நல்லது. அங்கே பெரும்பாலான தெருக்களுக்குப் பெயர் கிடையாது, பகுதிகளுக்கும் மனைத் தொகுதிகளுக்கும்தான் எண். நம் பத்திரங்களில் மாவட்டம், வட்டம், கிராமம், கதவு எண் என்று வருவதுபோல் பெரியதிலிருந்து சிறியதற்கு இறங்கி வரும்.

நிலையம் என்று மட்டும் சொன்னால் போதாது என்பதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். பிரசவத்துக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தபோது, ஃபூஜி மலையைப் பார்த்துவர எங்கள் இருவருக்கும் மருமகன் பஸ் டிக்கெட் எடுத்துக்கொடுத்தார். டாக்சியில் ஏறி “தோ-க்யோ எ-கி மதெ” என்று பெருமையாகச் சொன்னேன். ஓட்டுநர் திரும்பி ஏதோ கேட்டார். புரியாமலே தலையாட்டினேன். 1914இல் திறந்த அந்தச் செங்கல் கட்டடத்தின் முன்னால், மருனோஉச்சிப் பக்கத்தில் இறக்கிவிட்டார். பஸ் புறப்படுவதோ நிலையத்தின் மறுபுறம், யஎசுப் பக்கத்தில். அவ்வளவு பெரிய நிலையத்தைக் கடந்து மூச்சிரைக்கப் போய்ச் சேர்ந்தபோது பஸ் கிளம்பிவிட்டது. கணவர் ஒன்றும் சொல்லவில்லை. என் மனம்தான் ஆறவில்லை. அவர் கேட்டது எந்த வாயில் என்றுதான். வாயிலுக்குக் குச்சி என்று பெயர், சொல்லோடு ஒட்டி வரும்போது ககரம் மென்மையாகும்: யஎசுகுச்சி, நிஷிகுச்சி (மேற்கு வாயில்), ஹிகஷிகுச்சி (கிழக்கு வாயில்). டோக்கியோ, ஷின்ஜுகு போன்ற பெரிய நிலையங்களுக்குப் போகும்போது வாயிலின் பெயரை முன்கூட்டியே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்து வழி சொல்வது. எனக்கு மிகவும் பிடித்த பாடம் இதுதான். இந்த வாக்கியத்தைப் பாருங்கள்:

த்சுகி நொ கதொ ஒ ஹிதரி நி மகத்தெ குதசை.

த்சுகி, அடுத்தது. நொ, உடைய. கதொ, முனை. ஒ, நம் இரண்டாம் வேற்றுமை ஐ. ஹிதரி, இடம். நி, நான்காம் வேற்றுமை கு. மகத்தெ, திரும்பி. குதசை, தாருங்கள். “அடுத்ததனுடைய முனையை இடத்துக்குத் திரும்பித் தாருங்கள்.” மகத்தெ என்பது நம் ‘செய்து’ என்னும் வாய்பாட்டு வினையெச்சம் போலவேதான் நிற்கிறது! இப்படி எச்சத்தோடு குதசை சேர்த்தால் பணிவான வேண்டுகோள் ஆகிவிடும். மஸ்ஸுகு இத்தெ குதசை, நேரே போய்த் தாருங்கள். தொமெ-தெ குதசை, நிறுத்தித் தாருங்கள். சொத்தொ மத்தெ குதசை, கொஞ்சம் பொறுத்துத் தாருங்கள் (இந்தச் சொத்தொவின் முதலெழுத்து மட்டும் ‘அச்சம்’ என்பதில் வரும் சகரம்). வலப்பக்கம் மிகி. சிக்னல் ஷிங்கோ, ஓகாரத்தை நன்றாக நீட்டுங்கள். த்சு வராவிட்டால் வத்சலா என்ற பெயரைச் சொல்லிப் பாருங்கள், நடுவில் இருக்கிறது.

இந்த ஒற்றுமைகளைக் கண்டு இரு மொழிகளும் உறவுடையவை என்று சுசுமு ஓனோ என்ற ஜப்பானியப் பேராசிரியர் 1980களில் எழுதினார். மொழியியலாளர்கள் பெரும்பாலும் அதை ஏற்கவில்லை. உறவு இருக்கிறதோ இல்லையோ, கற்பவருக்கு இந்த ஒழுங்கு பெரிய உதவி. சுட்டுச் சொற்களும் அப்படித்தான். கொ-கொ இங்கு, சொ-கொ உங்கு (கேட்பவர் இருக்கும் பக்கம்), அசொ-கொ அங்கு, தொ-கொ எங்கு (தோசை என்று பேசும்போது வரும் தகரம்). தமிழ்நாட்டில் உகரச் சுட்டைத் தொலைத்துவிட்டோம். யாழ்ப்பாணத்தார் இன்றும் ‘உந்த’, ‘உங்கை’ என்று பேசுகிறார்கள், சொ-கொவை அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

நிறுத்துவதற்கு “கொ-கொதெ தொமெ-தெ குதசை”, இங்கே நிறுத்தித் தாருங்கள். “கொ-கொதெ ஈதெஸ்” என்றால் இங்கேயே போதும். சிக்னலுக்குச் சற்று முன்னால் என்றால் “ஷிங்கோ நொ தெமஎதெ”. இன்னும் கொஞ்சம் தள்ளி என்றால் “மோ சு-கொஷி ச-கி”.

இந்தக் கடைசிச் சொற்றொடர்தான் எனக்கு உரிய நேரத்தில் கை கொடுத்தது. மருமகன் வேலையாக ஒசாகா போயிருந்த இரவு, இரண்டு மணிக்கு மகளுக்கு வலி கண்டது. அங்கே சில டாக்சி நிறுவனங்களில் கர்ப்பிணிகள் வீட்டு முகவரி, மருத்துவமனை, பிரசவ நாள் மூன்றையும் முன்பே பதிந்துவைக்கலாம். மகள் பதிந்திருந்தாள். வண்டி வந்தது, போகும் இடமும் ஓட்டுநருக்குத் தெரிந்திருந்தது. ஆனால் அவர் போய் நிறுத்திய வாசல் இருண்டு பூட்டிக் கிடந்தது. இரவு வாசல் பக்கத்துத் தெருவில் இருந்தது. மகள் என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் நெளிந்தது. அவளால் பேச முடியவில்லை. “சுமிமசென்” என்றேன். மன்னியுங்கள் என்றும் பொருள், கூப்பிடுவதற்கும் அதுதான். “மோ சு-கொஷி ச-கி. த்சுகி நொ கதொ ஒ ஹிதரி நி மகத்தெ குதசை.” வெள்ளைக் கையுறை அணிந்த கை ஸ்டியரிங்கைத் திருப்பியது. அவ்வளவு வலியிலும் மகள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.

மருத்துவமனைக்கு ப்யோஇன் என்று பெயர், பஸ் என்பதன் பகரம். ப்யோ ஒரே அசையாக வர வேண்டும். பியோஇன் என்று இழுத்துவிட்டால் அழகு நிலையம் ஆகிவிடும். உயிருக்கு ஆபத்தான நிலை என்றால் டாக்சியைத் தேடாதீர்கள், 119ஐ அழையுங்கள்.

பணம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2022 நவம்பரில் டோக்கியோ மாநகரப் பகுதியில் தொடக்கக் கட்டணம் முதல் 1.096 கிலோமீட்டருக்கு 500 யென் என்றும், அதன் பிறகு 255 மீட்டருக்கு 100 யென் என்றும் ஆயிற்று. இரவு பத்து மணி முதல் காலை ஐந்து வரை பொதுவாக இருபது சதவீதம் கூடும். முன்கூட்டிக் கேட்க “இ-குரகுரைதெஸ்-க?”, எவ்வளவு ஆகும்? கார்டு என்றால் “காதொதெ ஒனெகைஷிமஸ்”. ரொக்கத்தைக் கையில் கொடுப்பதைவிட அங்கிருக்கும் சிறு தட்டில் வைப்பதே வழக்கம். மீதியைச் சரியாக எண்ணித் தருவார்கள். அன்பளிப்பு கொடுக்கும் பழக்கம் கிடையாது. இறங்கும்போது “அரிக-தோ கொஸைமஷித்த” என்று நன்றி சொல்லுங்கள் (கொவுக்குக் கோபுரத்தின் ககரம், கடைசியில் வரும் தவை அழுத்தாமல் விடுங்கள்).

ரசீதை மட்டும் மறக்காமல் கேட்டு வாங்குங்கள்: “ர்யோஷூஷொ ஒனெகைஷிமஸ்.” நிறுவனத்தின் தொலைபேசி எண்ணும் வண்டி எண்ணும் அதில் இருக்கும். அந்த இரவு பதற்றத்தில் ஒரு துணிப்பையை வண்டியிலேயே விட்டுவிட்டேன். குழந்தையைச் சுற்றுவதற்காகத் துவைத்துத் துவைத்துப் பஞ்சுபோல் ஆக்கி, திருவண்ணாமலையிலிருந்து மடித்து எடுத்துவந்த என் பழைய பருத்திச் சேலை அதில் இருந்தது. மறுநாள் ஒசாகாவிலிருந்து ஓடிவந்த மருமகன், ரசீதில் இருந்த எண்ணுக்குப் பேசினார். மாலையில் பை வந்து சேர்ந்தது, உள்ளே மடிப்புக் கலையாமல் சேலை.