லீவுக்கு யாழ்ப்பாணம் வாறீங்களோ? றோட் பைக்கையும் கொண்டு வாங்கோ

கனடா, லண்டனில இருக்கிற எங்கட ஆக்கள் லீவெண்டா கியூபா, பார்படோஸ் எண்டு தீவு தேடிப் போய் சைக்கிள் ஓடினம், ஊருக்கு வந்தா மட்டும் ஹயர் வானுக்குள்ள ஏசியைப் போட்டுக்கொண்டு கோயில் கோயிலா ஏறி இறங்கினம். எங்கட தீவுகள் சிலதுக்கும் பாலத்தால சைக்கிளிலயே போகலாம் பாருங்கோ, றோட்டும் இப்ப முந்தி மாதிரி இல்லை. ஓடுறதெண்டா என்ன என்ன பாக்கோணும் எண்டு எழுதிறன்.

முதல்ல காத்து. குடாநாடு முழுக்கத் தட்டை, ஏத்தம் எண்டு சொல்ல ஒண்டும் இல்லை, அதால லேசு எண்டு நினைச்சுப்போடாதேங்கோ. மே தொடங்கி செப்ரெம்பர் மட்டும் சோழகம், தென்மேற்கால அடிக்கும், நல்லூர்த் திருவிழாவுக்கு வாற ஆக்களுக்கு இதுதான் கிடைக்கும். தீவுப்பக்கம் போற றோட்டும் கிட்டத்தட்ட அந்தத் திசைக்குத்தான் போகுது, அப்ப போகேக்க முகத்தில அடிக்கும், வரேக்க முதுகில தள்ளும். என்னைக் கேட்டா அது நல்லது, களைக்க முதலே கஷ்டம் முடிஞ்சிடும். மார்கழி, தை வாடைக்காத்துத்தான் ஆளை ஏமாத்திறது. போகேக்க சும்மா மணிக்கு முப்பத்தஞ்சு கிலோமீட்டரில ஓடும், நான் என்ன ஓட்டம் ஓடுறன் எண்டு புழுகமா இருக்கும், திரும்பின உடன தெரியும் ஆர் ஓடினது எண்டு. அந்த மாதங்களில காலில அரைவாசிக்கு மேல பலத்தை வரவுக்கு மிச்சம் பிடிச்சு வையுங்கோ. ஐப்பசி, கார்த்திகை மழை, சித்திரை வெக்கை, ரெண்டும் வேண்டாம். தை கடைசியில இருந்து பங்குனி நடுப்பகுதி மட்டும்தான் திறம், அப்ப கடனீரேரியில பூநாரையும் நிக்கும்.

ஓட்டத்துக்கு நான் சொல்லுறது ஊர்காவற்துறை, காரைநகர் சுத்து. கோட்டையடியில வெளிக்கிட்டு பண்ணைப் பாலம், மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, வேலணை, அப்பிடியே ஊர்காவற்துறை. அங்க இறங்குதுறையில "பாதை" எண்டு சொல்லுற மிதவையில சைக்கிளோட ஏறி நிண்டா கொஞ்ச நேரத்தில காரைநகர்க் கரை, நடுக்கடலில கடற்கோட்டை தெரியும், அதைப் பாக்கவே ஒருக்கால் போகலாம். அந்தப் பாதை பழுதாகி நிக்கிற நாளும் இருக்கு, பின்னேரம் வெள்ளனவே நிப்பாட்டியும் போடுவினம், அதால முதல் நாளே அந்தப் பக்கத்து ஆரையும் கேட்டிட்டு வெளிக்கிடுங்கோ. காரைநகரில கசூரினாக் கடற்கரைக்கு ஒரு எட்டுப் போய் கால் நனைச்சிட்டு, பொன்னாலைப் பாலத்தால ஏறி வட்டுக்கோட்டை, மானிப்பாய் எண்டு திரும்ப யாழ்ப்பாண ரவுண். எல்லாமாச் சேத்து ஐம்பது கிலோமீட்டர் அளவில வரும். நல்லா ஓடுற ஆக்களுக்கு இது காணாது எண்டா வேலணையில இருந்து புங்குடுதீவு, குறிகட்டுவான் போய் வரலாம், அது வேற ஒரு நாளைக்கு வையுங்கோ.

நெடுந்தீவுக்கு றோட் பைக்கைக் கொண்டு போகாதேங்கோ. மணலும் கல்லுமா இருக்கிற ஒழுங்கையளில மெல்லிய ரயர் தாங்காது, அங்க போய் ஊர்ச் சைக்கிளோ ஓட்டோவோ பிடிக்கிறதுதான் புத்தி.

ரயர் கதைக்கு வருவம். இருபத்தெட்டு மில்லிமீட்டருக்குக் குறைஞ்சது வேண்டாம், முப்பத்திரண்டு போகுமெண்டா இன்னும் நல்லம். றோட்டுக் கரையில நெருஞ்சி முள்ளும் உடைமர முள்ளும் தாராளமாக் கிடக்கும். சந்திக்குச் சந்தி சைக்கிள் கடை இருக்கு, ஒட்டுப் போட்டுத் தருவினம், ஆனா அவையள் வைச்சிருக்கிறது லுமாலா மாதிரி ஊர்ச் சைக்கிளுக்கு ஏத்த ரியூப். உங்கட மெல்லிய வால்வு ரியூப்பும் இருக்காது, அவையின்ர பம்பும் அந்த வால்வுக்குப் பிடிக்காது. ஆனபடியா ரியூப், ஒட்டு, கைப்பம்ப், செயின் லிங்க் எல்லாம் அங்க இருந்தே கொண்டு வாங்கோ. ஆழமான கார்பன் றிம்மை வீட்டிலயே விட்டிட்டு வாங்கோ, பண்ணைப் பாலத்தில ரெண்டு பக்கமும் தண்ணி, பக்கக் காத்து சைக்கிளைப் பிடிச்சு பஸ்ஸுக்குக் கிட்ட தள்ளிப் போடும். பெட்டியில அடைக்கேக்க இடப்பக்கப் பெடல் எதிர்ப்பக்கம்தான் கழரும், அது தெரியாமல் முக்கி முக்கி மரையை அழிச்ச ஆக்கள் கனபேர். கட்டுநாயக்கா எயார்போட்டில இருந்து வாறதுக்கு இரவு பஸ் பிடிக்கிறதெண்டா சீற் புக் பண்ணேக்கயே பெட்டியைப் பற்றிச் சொல்லுங்கோ, கடைசி நேரத்தில டிக்கியில இடம் இல்லை எண்டு நிப்பினம்.

விடியப்புறம் வெளிச்சம் வரேக்கயே ஏறிடுங்கோ, ஆறு மணிக்கு பண்ணை, பத்து மணிக்கு முதல் வீடு, அதுதான் கணக்கு. அதுக்குப் பிறகு பாலத்தில ஒரு மர நிழல் கூட இல்லை, ஆள் அவிஞ்சு போகும். தண்ணி ரெண்டு போத்தில் நிரப்பிக்கொண்டு போங்கோ, தீவுப்பக்கக் கிணறு கனக்க உவர், கடையும் வேலணை, ஊர்காவற்துறை தாண்டினா அங்கொண்டு இங்கொண்டுதான். ஒரு போத்திலுக்க ஜீவனி எண்ட உப்புச் சீனிக் கரைசல் பக்கற்றைக் கரையுங்கோ, பாமசியில மலிவா வாங்கலாம். ஜெல் ஒண்டும் தேவையில்லை, பனங்கட்டியை நாலு துண்டா உடைச்சு சின்னப் பையில போட்டு ஜேர்சிப் பொக்கற்றில வையுங்கோ, வெயிலுக்குக் கொஞ்சம் பிசுபிசுக்கும் ஆனா வேலை செய்யும். திரும்பி வரேக்க மானிப்பாய்ப் பக்கம் தேத்தண்ணியும் உழுந்து வடையும்.

இஞ்ச இடப்பக்கம்தான் ஓடுறது, கனடாக்காரர் சந்தியில திரும்பேக்க கவனம். பிறைவேற் பஸ் ஹோன் அடிச்சா கோவத்தில இல்லை, வாறன் எண்டு சொல்லுறான், கரைக்குப் போங்கோ, அவனோட உரிமை கதைக்கிற இடம் இது இல்லை. காலமை நாயள் துரத்தும். கெதியா மிதிக்கிறதை விட இறங்கி, சைக்கிளை நடுவில வைச்சு, "அடீக்" எண்டு உரத்துச் சொன்னா பெரும்பாலும் போயிடும். கடிச்சா உடனே சோப்புப் போட்டு ஓடுற தண்ணியில நல்லாக் கழுவி பெரியாஸ்பத்திரிக்குப் போங்கோ, ஊசி இலவசம். விழுந்து கிடந்தா அம்புலன்சுக்கு 1990, அதுக்கும் காசில்லை. நேவி முகாம் பக்கம் ஃபோட்டோ எடுக்காதேங்கோ.

லைக்ராவோட கோயிலுக்க போறதைப் பற்றி ஒருத்தரும் முகத்துக்கு நேர சொல்ல மாட்டினம், ஆனா பாப்பினம். ஒரு மெல்லிய வேட்டியோ சாரமோ சுருட்டி சீற்றுக்குக் கீழ கட்டிக்கொண்டு போனா காரைநகர் ஈழத்துச் சிதம்பரத்திலயும் நயினாதீவுக் கோயிலிலயும் வடிவாக் கும்பிட்டிட்டு வரலாம்.

வீட்ட வந்த உடன குளிக்க முதல் சைக்கிளைக் குளிப்பாட்டுங்கோ. உப்புக் காத்தும் மணலும் ஒரு இரவில செயினில துருவைக் கொண்டு வரும், நல்ல தண்ணிக் கிணறு எண்டா ரெண்டு வாளி, துடைச்சுக் காய விட்டு எண்ணெய். திரும்பிப் போகேக்க மிஞ்சின ரியூப்புகளைக் காவிக்கொண்டு போகாதேங்கோ, இஞ்ச றோட் பைக் ஓடுற பெடியளும் இருக்கிறாங்கள், அவங்களுக்கு அதைத் தேடி எடுக்கிறது கஷ்டம்.