கிளிப் கிளினிக்கில் ஆய்வு: ஒரு பிளையரின் பின்னாலேயே நடந்து பாருங்கள்

ஆய்வுக்கு ஆள் வரப்போகிறார்கள் என்று தெரிந்ததும் பல கிளினிக்குகளில் முதலில் நடப்பது சுவரைத் துடைப்பதும் சான்றிதழ்களுக்குப் புது ஃபிரேம் போடுவதும்தான். ராமநாதபுரம் மாவட்டத்துக் கீழக்கரையில் பல்லுக்குக் கிளிப் போடும் கிளினிக் ஒன்றின் நிர்வாகம் என் பொறுப்பில் இருக்கிறது. என் பட்டியலில் அது கடைசி வேலை. காகிதங்களை ஒரு சாயங்காலத்தில் சேர்த்துவிடலாம். ஆட்டோகிளேவ் (கருவிகளை நீராவியில் கிருமிநீக்கம் செய்யும் மெஷின்) ஓட்டிய பதிவேட்டை ஒரு சாயங்காலத்தில் எழுத முடியாது. எழுதினால் ஒரே பேனா, ஒரே கையெழுத்து, ஒரே சாய்வு என்று அதுவே காட்டிக்கொடுத்துவிடும்.

சரி, காகிதங்களை முடித்துவிடுவோம். 1997-ஆம் ஆண்டு தமிழ்நாடு கிளினிக்கல் எஸ்டாபிளிஷ்மென்ட்ஸ் சட்டத்தின்கீழ் எடுத்த பதிவுச் சான்று. இதற்கு மாவட்டத்தில் மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகம். எக்ஸ்ரே கருவிக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் இ-லோரா என்ற இணையதளத்தில் செய்த பதிவு, கருவியின் தரச் சோதனை அறிக்கை. மருத்துவக் கழிவுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அங்கீகாரம், கழிவு எடுப்பவர்களோடு போட்ட ஒப்பந்தம், வருடா வருடம் ஜூன் 30-க்குள் அனுப்ப வேண்டிய அறிக்கையின் நகல். மருத்துவர்களின் மாநிலப் பல் மருத்துவ கவுன்சில் பதிவு. எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கட்டும்.

நம் பக்கத்துக் கிளினிக்குகள் தடுமாறுவது வேறொரு இடத்தில். கிளிப் போடும் எம்.டி.எஸ். (பல் மருத்துவ முதுகலைப் பட்டம்) மருத்துவர் பல ஊர்களில் மதுரையிலிருந்து வந்து போகிறவர். அவருடைய முதுகலைப் பட்டமும் கவுன்சிலில் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். அதைவிட முக்கியம், அவர் இல்லாத நாளில் "கம்பி கன்னத்தில் குத்துது" என்று ஒரு பிள்ளை வந்தால் யார் பார்ப்பது என்பது. நீட்டிக்கொண்டிருக்கும் நுனியை உள்ளூர் பல் மருத்துவர் வெட்டிவிடலாம், மெழுகு கொடுத்து அனுப்பலாம். கம்பியை மாற்றுவது கிளிப் மருத்துவரைக் கேட்ட பிறகுதான். உதவியாளர் தானாக எதையும் வாயில் முறுக்கக் கூடாது. இதை ஒரு பக்கத்தில் எழுதி, இரண்டு மருத்துவர்களிடமும் கையெழுத்து வாங்குங்கள். ஆய்வாளர் கேட்காவிட்டாலும் பிள்ளையின் உம்மா கேட்பார்.

இனி பிளையருக்கு, அதாவது கிளிப் கம்பியை வளைக்கும் இடுக்கிக்கு வருவோம். ட்ரேயிலிருந்து ஒன்றை எடுத்து, ஒரு வாயிலிருந்து அடுத்த வாய்க்குப் போகும்வரை அதன் பின்னாலேயே நடந்து பாருங்கள். அனுபவமுள்ள ஆய்வாளர் அப்படித்தான் பார்ப்பார்.

முதல் நிறுத்தம் கழுவும் தொட்டி. எச்சிலும் ரத்தமும் காய்ந்து ஒட்டிய கருவியை எந்த ஆட்டோகிளேவும் சுத்தமாக்காது. பிரஷ் அல்லது அல்ட்ராசோனிக் (ஒலி அதிர்வால் அழுக்கைக் கழற்றும் தொட்டி), அப்புறம் அலசல். இங்கேதான் நம் கடற்கரையின் தொல்லை. போர் தண்ணீர் உப்பு, காற்றும் உப்பு. போர் தண்ணீரில் அலசி ஈரத்தோடு வைத்தால் பிளையரின் மூட்டில் துரு ஏறிவிடும். துருப்பிடித்த மூட்டு திறக்க மறுக்கும். திறக்காத இடத்துக்குள் நீராவியும் போகாது. கடைசி அலசலை டிஸ்டில்டு வாட்டரில் செய்து, பிசிறு ஒட்டாத துணியால் துடைத்து, மூட்டைத் திறந்த நிலையிலேயே பையில் போடுங்கள். எண்ணெய் விடுவதானால் நீராவியைத் தாங்கும் கருவி எண்ணெய். தையல் மெஷின் எண்ணெய் வேண்டாம். ஆட்டோகிளேவ் தொட்டிக்கும் டிஸ்டில்டு வாட்டர்தான். கேன் தண்ணீர் குடிக்க நன்றாக இருக்கலாம், அதிலும் உப்பு மிச்சம் இருக்கும்.

அடுத்து ஆட்டோகிளேவ். 121 டிகிரி என்றால் 15 பவுண்டு அழுத்தம். பையில் போட்ட கருவிக்கு 30 நிமிடம் வரை பிடிக்கும். 134 டிகிரியில் சில நிமிடங்களே போதும். உங்கள் மெஷினின் கையேட்டில் உள்ள நேரத்தைச் சுவரில் ஒட்டுங்கள். பையின் வெளிப்பக்க நிறம் மாறுவது, அது சூடானது என்பதற்கு மட்டும்தான் சாட்சி. நீராவி பைக்குள் எட்டியதா என்று காட்ட உள்ளே வைக்கும் இண்டிகேட்டர் அட்டை வேறு. வாரம் ஒருமுறை, எளிதில் சாகாத கிருமி விதைகளை உள்ளே வைத்துச் செய்யும் ஸ்போர் சோதனை இன்னும் வேறு. கிருமி செத்ததா என்பதை அதுதான் சொல்லும். நடுவில் கரண்ட் போனால் அந்த லோடு முழுவதும் மறுபடி ஓட வேண்டும், அதைப் பதிவேட்டிலும் எழுத வேண்டும். "மின்தடை, மீண்டும் ஓட்டப்பட்டது" என்ற வரியே இல்லாத பதிவேட்டை இந்த மாவட்டத்தில் நான் நம்ப மாட்டேன்.

குளூட்டரால்டிஹைடு என்ற கிருமிநாசினித் திரவத்தில் இருபது நிமிடம் ஊறப்போட்டுவிட்டு "ஸ்டெரிலைஸ் பண்ணியாச்சு" என்று சொல்லும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அதில் முழுக் கிருமிநீக்கம் நடக்கப் பத்து மணி நேரம் ஆகும். அளவு பார்க்க ஒரு வாயில் போட்டு எடுத்த பேண்டுகளும் (கடைவாய்ப் பல்லைச் சுற்றி மாட்டும் உலோக வளையங்கள்) திரும்பப் பெட்டிக்குள் போகும் முன் ஆட்டோகிளேவுக்குப் போக வேண்டும்.

கழிவைப் பற்றி 2016-ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் தெளிவாகவே சொல்கின்றன. கிளிப் போட இடம் வேண்டி எடுத்த பற்களும் ரத்தம் பட்ட பஞ்சும் மஞ்சள் பை. கையுறை சிவப்பு. வெட்டிய கம்பித் துண்டு, ஊசி எல்லாம் குத்தினாலும் கிழியாத வெள்ளை டப்பா. மஞ்சள் பைக் கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. மழைக்காலத்தில் புயல் எச்சரிக்கை வந்து வண்டி வராமல் போனால், கூப்பிட்ட நேரத்தையும் கிடைத்த பதிலையும் எழுதி, வாரியத்துக்கும் காரணத்தோடு தெரிவியுங்கள். ஊழியர்களின் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி அட்டைகளும் இந்த ஃபைலிலேயே இருக்கட்டும்.

இதுவரை சொன்னது எல்லாம் பாதுகாப்பு. இங்கிலாந்தில் கேர் குவாலிட்டி கமிஷன் ஐந்து கேள்விகள் வைத்துப் பார்க்கிறது: பாதுகாப்பானதா, பலன் தருகிறதா, கனிவாக நடத்துகிறார்களா, நோயாளியின் தேவைக்கு ஏற்ப நடக்கிறார்களா, நிர்வாகம் சரியா. நம் ஊரில் அப்படிப் பிரித்துக் கேட்க மாட்டார்கள். ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு ஒரு நோயாளியின் ஃபைலை உருவி, இந்தக் கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்.

சிகிச்சைக்கு முந்தைய புகைப்படம், பல் அச்சு, ஓ.பி.ஜி. (தாடை முழுவதும் தெரியும் எக்ஸ்ரே), பக்கவாட்டு எக்ஸ்ரே இருக்கிறதா? சரியாகத் துலக்காவிட்டால் வெள்ளைத் தழும்பு விழும், வேர் கொஞ்சம் கரையலாம், கிளிப் கழற்றிய பிறகு பல்லை இடத்திலேயே பிடித்துவைக்கும் ரிட்டெய்னர் போடாவிட்டால் பல் பழைய இடத்துக்குத் திரும்பும் என்பதையெல்லாம் தமிழில் சொல்லிக் கையெழுத்து வாங்கியிருக்கிறீர்களா? 18 வயது ஆகாத பிள்ளைக்குப் பெற்றோரோ பாதுகாவலரோதான் கையெழுத்துப் போட வேண்டும். வாப்பா துபாயில், உம்மா வீட்டில், கிளினிக்குக்குக் கூட்டிவந்தது பக்கத்து வீட்டு அண்ணன் என்றால் அன்றைக்குக் கிளிப் ஒட்டாதீர்கள். உம்மா வரட்டும்.

வராத நோயாளிகளின் ஃபைலையும் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். பாம்பன், தங்கச்சிமடம் பக்கத்துப் பிள்ளைகள் அப்போது வருவது குறையும், கையில் காசு இருக்காது. கம்பியோ கிளிப்போடு வாயிலேயே இருக்கும். யாரும் பார்க்காத பல் போகக் கூடாத இடத்துக்கும் போகும். போன் செய்த தேதி, அவர்கள் சொன்னது, தவணையைத் தள்ளிவைத்தது எல்லாம் எழுதியிருந்தால் அதற்குமேல் கனிவுக்குச் சான்று தேவையில்லை.

ஆய்வு நாளில் நோயாளிகளை ரத்து செய்ய வேண்டாம். கூட ஒருவர் மட்டும் நடந்தால் போதும். ஆய்வாளர் உதவியாளரிடம் கேட்டால் உதவியாளரே பதில் சொல்லட்டும், மருத்துவர் குறுக்கே புக வேண்டாம். அவசர ட்ரேயில் அட்ரினலின் காலாவதி தேதியையும் ஆக்சிஜன் சிலிண்டரின் முள்ளையும் முந்தின நாளே பார்த்துவிடுங்கள். கிளம்பும்போது குறைகளை எழுத்தில் கேளுங்கள். சரிசெய்ததைப் படம் எடுத்து, கெடுவுக்கு முன்பே பதில் கடிதத்தோடு கொடுத்து, நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கி அதே ஃபைலில் வையுங்கள்.